கீசருக்கு சர்வீஸ் தேவையா? கடலோரத் தண்ணீருக்கான வீட்டுச் சோதனை

புதுச்சேரி, கடலூர் பக்கம் கீசர் ஆண்டில் மூன்று நான்கு மாதம்தான் ஓடும். ஐப்பசி மழை பிடித்ததும் போட்டால் மாசியில் நிறுத்திவிடுவோம். ஆனால் நிறுத்திய மாதங்களிலும் டேங்குக்குள் தண்ணீர் நிற்கிறது, அரிப்பும் நடக்கிறது. முத்தியால்பேட்டை முதல் தேவனாம்பட்டினம் வரை கடலை ஒட்டிய பல போர்வெல்களில் உப்பும் அதிகம், சுண்ணாம்பும் அதிகம். இரண்டும் செய்யும் கெடுதல் வேறு வேறு. சுண்ணாம்பு, தண்ணீரைச் சூடாக்கும் காயிலின் மேல் ஓடு கட்டும். உப்பு டேங்கை அரிக்கும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

கீழே உள்ளது 15 அல்லது 25 லிட்டர் டேங்கும் 2000 வாட் காயிலும் உள்ள சாதாரண கீசருக்கானது. மூடியைக் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனைகளைத்தான் முதலில் சொல்கிறோம்.

படி 1: கடிகாரத்தை வைத்துப் பாருங்கள்

காலையில் தண்ணீர் முழுவதும் ஆறியிருக்கும்போது, சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வைத்து கீசரைப் போடுங்கள். குழாயைத் திறக்க வேண்டாம். சூடாகும்போது எரியும் விளக்கு அணைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். 28 டிகிரித் தண்ணீர் 15 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட்டில் கணக்குப்படி சுமார் 17 நிமிடம் ஆகும். 25 லிட்டருக்கு சுமார் 28 நிமிடம். இரண்டு மூன்று நிமிடம் கூடினால் கவலை இல்லை.

ரொம்ப நேரம் எடுத்தால் உடனே கீசரைக் குறை சொல்லாதீர்கள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வோல்ட் வந்தால் அதே காயில் சுமார் 1500 வாட்தான் தரும். 17 நிமிடம் 22 நிமிடமாகிவிடும். ஸ்டெபிலைசரில் காட்டும் வோல்டேஜைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

'உப்புப் படிந்ததால்தான் மெதுவாகச் சூடாகிறது' என்று பலரும் சொல்வார்கள். மின்சார கீசரில் அது பாதி உண்மைதான். காயில் தரும் சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும், போவதற்கு வேறு வழியில்லை. ஓடு கட்டினால் சூடு வெளியேறத் திணறும், காயில் தன் சூட்டிலேயே வெந்து ஒருநாள் வெடிக்கும். ஆகவே சுண்ணாம்புக்கு அடையாளம் தாமதம் அல்ல. அதற்கு நேர்மாறானதுதான்: விளக்கு எட்டு பத்து நிமிடத்தில் அணைந்துவிடும், குழாயைத் திறந்தால் அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரோடு சரி. தெர்மோஸ்டாட்டின் குழலைச் சுற்றியும் ஓடு கட்டி, அந்த இடம் மட்டும் சீக்கிரம் சூடாகி, மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. தெர்மோஸ்டாட் பழுதானாலும் இப்படி நடக்கலாம். இரண்டுக்கும் சர்வீஸ்தான் வழி.

படி 2: காதைக் கொடுத்துக் கேளுங்கள்

சூடேறும்போது லேசான சீறல் இருப்பது இயல்பு. கடுகு பொரிவதுபோல் படபடவென்று சத்தம் வந்தால் ஓட்டுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் அங்கேயே கொதிக்கிறது என்று பொருள். இந்தச் சத்தம் தொடங்கிய பிறகு இன்னொரு சீசன் ஓட்டிப் பார்ப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

படி 3: வால்வு சொட்டுகிறதா? எப்போது?

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். சூடானால் தண்ணீர் விரியும். 15 லிட்டர் 60 டிகிரிக்குப் போகும்போது சுமார் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர், கூடும். உள்ளே வரும் பைப்பில் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் அந்தத் தண்ணீர் திரும்பிப் போக முடியாது, பாதுகாப்பு வால்வு வழியே சொட்டும். சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது.

கீசர் ஆறியிருக்கும்போதும் சொட்டினால் அது கோளாறு. வழக்கமான வால்வு சுமார் 8 பார் அழுத்தத்தில்தான் திறக்கும். பாத்ரூமுக்கு மூன்று மீட்டர் மேலே இருக்கும் மாடி டேங்க் தருவது 0.3 பார்தான். அதனால் 'பிரஷர் அதிகம்' என்ற விளக்கம் பம்ப் வைத்த வீட்டுக்கு ஒருவேளை பொருந்தலாம், மாடி டேங்க் வீட்டுக்குப் பொருந்தாது. மணலோ சுண்ணாம்புத் துகளோ உள்ளே சிக்கியிருக்கும். வால்வை மாற்றுங்கள். சொட்டுவது தொல்லை என்று அதன் வாயை ஒருபோதும் அடைக்காதீர்கள். தெர்மோஸ்டாட்டும், சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட்டும் ஒரே நேரத்தில் கைவிட்டால் டேங்க் வெடிக்காமல் காப்பது அந்த ஓட்டை ஒன்றுதான்.

படி 4: தண்ணீரைப் பாருங்கள்

வெந்நீர்க் குழாயில் துருநிறம் வந்தால் பச்சைத் தண்ணீர்க் குழாயையும் திறந்து பாருங்கள். இரண்டிலும் வந்தால் பைப்பிலோ வரும் தண்ணீரிலோ கோளாறு. வெந்நீரில் மட்டும் என்றால் டேங்க் அரிக்கத் தொடங்கிவிட்டது. டேங்குக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே உள்ளே ஒரு மெக்னீசியம் ஆனோடு ராடு இருக்கும். உப்புத் தண்ணீரில் அது வேகமாகத் தீரும். சுண்ணாம்பை நீக்கும் சாஃப்ட்னர் போட்டால் காயிலில் ஓடு குறையும், ஆனால் ராடு கரைவது குறையாது, சில வீடுகளில் கூடவே செய்யும். பல மாதம் கழித்துப் போடும்போது வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தேங்கிய நீரில் வளர்ந்த பாக்டீரியா காரணமாக இருக்கலாம். ஒருமுறை முழுச் சூட்டுக்குக் கொண்டுபோய், ஆறவிட்டு, முழுவதும் வெளியேற்றுங்கள்.

இவை இருந்தால் சோதனையே வேண்டாம், உடனே அணையுங்கள்

குழாயைத் தொட்டால் லேசாக ஷாக் அடிப்பதுபோல் விறுவிறு என்பது. கீசரைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுவது. விளக்கு அணையவே அணையாமல் குழாயில் ஆவி வருவது. அடி மூடியிலிருந்து தண்ணீர் ஒழுகுவது. பிளக் பழுப்பேறிக் கருகல் வாசனை வருவது. கடல் காற்றில் பிளக் பின்னும் டெர்மினலும் பச்சை பிடிக்கும், 8.7 ஆம்பியர் ஓடும் இடத்தில் அது போதும் சூடேற.

பாத்ரூமுக்கு வெளியே இருக்கும் சுவிட்சையோ எம்.சி.பி.யையோ அணையுங்கள், ஈரக்கையோடு பிளக்கைத் தொடாதீர்கள். வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் கீசர் சர்வீஸுக்கு முன்பே 30 மில்லி ஆம்பியர் ஒன்றைப் போடச் சொல்லுங்கள், எர்த்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கோடையில் காய்ந்த மணல் தரையில் எர்த் பேருக்குத்தான் இருக்கும்.

படி 5: மெக்கானிக் வரும்போது

மூடியைக் கழற்றுவது அவர் வேலை. என்ன செய்கிறார் என்று கவனிப்பது உங்கள் வேலை. போர் தண்ணீர் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசிக்கு முன்பே கூப்பிடுவது நல்லது. மழை வந்தபின் ஆள் கிடைக்காது.

டேங்குக்குள் ஆசிட் ஊற்ற விடாதீர்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட் சுண்ணாம்பை நொடியில் கரைக்கும், காயிலின் உறையையும் சேர்த்து அரிக்கும். காயிலை வெளியே எடுத்து, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணீரில் நுரை அடங்கும்வரை ஊறவைத்தால் போதும். மின்முனைகள் நனையக் கூடாது, ஆனோடு ராடை அதில் போடக் கூடாது. ராடு பாதிக்குமேல் மெலிந்திருந்தாலோ நடுக்கம்பி தெரிந்தாலோ புதிது வேண்டும். மூடி ஒழுகாமல் இருக்கப் போடும் ரப்பர் கேஸ்கெட்டை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மாற்றுங்கள், பழையதைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றினால் பின்னால் ஒழுகும். நல்ல 2000 வாட் காயில் மீட்டரில் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. காயிலின் மின்முனைக்கும் அதன் உலோக உறைக்கும் இடையே தொடர்பு காட்டினால் உறை விரிசல், அன்றே மாற்ற வேண்டும். டேங்கிலேயே ஓட்டை என்றால் வெல்டிங்குக்குப் பணம் கொடுக்காதீர்கள். டேங்கின் உள்ளே இருக்கும் கிளாஸ்லைன் (கண்ணாடிப்) பூச்சு அந்தச் சூட்டில் கெட்டு, பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

மாட்டி முடித்ததும் முதலில் தண்ணீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று போய்ச் சீராகத் தண்ணீர் வரும்வரை காத்திருங்கள். காலி டேங்கில் சுவிட்சைப் போட்டால் புதுக் காயிலும் ஒரு நிமிடம் தாங்காது. பிறகு படி 1-ஐ மறுபடி செய்து, வந்த நிமிடத்தையும் தேதியையும் கீசரின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட அதுதான் அளவு. அன்று இரவு அடி மூடியின் கீழே ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். காலையில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் கேஸ்கெட் சரியாக உட்காரவில்லை, போல்ட்டுகளை எதிரெதிராகச் சமமாக முடுக்க அவரையே திரும்பக் கூப்பிடுங்கள்.