ஊசி பயம் வேறு, ஆட்டிசம் பயம் வேறு: பெற்றோருக்கு ஒரு கைவிளக்கம்

பிள்ளைக்கு ஒன்றரை வயது நெருங்கும்போதுதான் பல வீடுகளில் "தடுப்பூசி போட்டால் ஆட்டிசம் வருமாம்" என்ற பேச்சு கிளம்பும். மலேசியாவில் செந்தூலோ பட்டர்வொர்த்தோ, எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வரும். அத்தையோ பெரியம்மாவோ தமக்குத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வார்கள். கடைசியில், "கொஞ்ச நாள் கழிச்சுப் போட்டா என்ன?" என்ற கேள்வியில் வந்து நிற்கும்.

தடுப்பூசியால் ஆட்டிசம், அதாவது பேச்சும் பழகும் விதமும் மாறுபடும் வளர்ச்சிக் குறைபாடு, வருவதில்லை. பெற்றோரின் பயம் மட்டும் உண்மையானது, அதிலும் இரண்டு பயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, இந்த ஊசி என் பிள்ளையை என்ன செய்யும் என்பது. மற்றது, என் பிள்ளை சரியாக வளர்கிறதா என்பது. இரண்டுக்கும் தனித்தனி வழி உண்டு. கலந்துவிட்டால் பிள்ளைக்கு இரட்டை நட்டம்: நோய்க்குப் பாதுகாப்பும் இருக்காது, ஆட்டிசம் இருந்தால் உதவியும் தாமதமாகும்.

முதலில் அட்டவணையைப் பாருங்கள்

அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த குழந்தைச் சுகாதாரப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறந்ததும் காசநோய்க்கான பிசிஜி, கல்லீரல் நோய்க்கான ஹெப்படைடிஸ் பி. 2, 3, 5ஆவது மாதங்களில் ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசி. 4, 6, 15ஆவது மாதங்களில் நிமோனியா போன்றவற்றைத் தடுக்கும் நிமோகாக்கல். 9, 12ஆவது மாதங்களில் எம்எம்ஆர், அதாவது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்து. 18ஆவது மாதம் மறுபடி அந்தக் கூட்டு ஊசி. அதன் பிறகு முதலாம் ஆண்டில் பள்ளியில் போடுவார்கள். சபா, சரவாக்கில் கூடுதல் ஊசிகள் உண்டு.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, விரலால் சுட்டிக் காட்டாதது, பேசிய சொற்களை மறப்பது போன்ற அறிகுறிகளைப் பெற்றோர் பெரும்பாலும் கவனிப்பது 15 முதல் 24 மாதங்களுக்குள். அந்த வயதில் ஏதாவது ஓர் ஊசி போட்டுச் சில வாரமோ சில மாதமோதான் ஆகியிருக்கும், அதனால் ஊசிதான் காரணம் என்று தோன்றும். பிரிட்டனில் எம்எம்ஆரைக் குறை சொன்னார்கள். அமெரிக்காவில் தைமரோசல் என்ற பாதரசப் பதப்பொருளைச் சொன்னார்கள். 2001க்குள் குழந்தைகளுக்கான வழக்கமான ஊசிகளிலிருந்து அதை அங்கே எடுத்துவிட்டார்கள், ஆட்டிசம் கண்டறியப்படும் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போனது. ஜப்பான் 1993இல் எம்எம்ஆரையே நிறுத்தியது. யோகோஹாமாவில் அதன் பிறகு பிறந்த பிள்ளைகளிடமும் எண்ணிக்கை ஏறியது. இப்போது சில ஊசிகளில் சேர்க்கும் அலுமினியத்தைச் சொல்கிறார்கள். பழி ஒவ்வொரு முறையும் வேறொரு பொருள்மேல் விழுகிறது, அறிகுறி தெரியும் வயது மட்டும் மாறவில்லை.

வாட்ஸ்அப்பில் வந்ததை எப்படிச் சோதிப்பது

மூன்று கேள்விகள் போதும். யார் சொன்னது? எத்தனை பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னது? ஊசி போடாத பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினார்களா? மூன்றாவதில்தான் பெரும்பாலானவை விழுந்துவிடும்.

இந்தச் சர்ச்சையின் வேரான 1998ஆம் ஆண்டு கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். லான்செட் என்ற மருத்துவ இதழில், எம்எம்ஆரை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எழுதியது. பார்த்த பிள்ளைகள் 12 பேர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிள்ளைகள் இல்லை. ஊசி தயாரிப்பாளர்களுக்கு எதிராக வழக்கு நடத்திய வழக்கறிஞரிடம் அவர் பணம் வாங்கியிருந்தார், அதை வெளியே சொல்லவில்லை. பிரையன் டியர் என்ற பத்திரிகையாளர் ஆண்டுக்கணக்கில் தோண்டி எடுத்ததில் ஒவ்வொன்றாக வெளிவந்தது. 2010இல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதே ஆண்டு பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது.

அதோடு ஒப்பிட, 2019இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வு. 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 6,517 பேருக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்டது. எம்எம்ஆர் போட்டவர்களிடம், போடாதவர்களைவிட அது கூடவில்லை. அண்ணன் அக்காவுக்கு ஆட்டிசம் இருந்த பிள்ளைகளைத் தனியாகப் பார்த்தும் அதே முடிவுதான். மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருப்பதால் இளையதற்கு ஊசி போடத் தயங்குகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

அடிக்கடி சுற்றும் இன்னொரு படம், டிரிபீடியா என்ற அமெரிக்க ஊசியின் உள்தாள், அதாவது மருந்தோடு வரும் விளக்கத்தாள். "ஆட்டிசம்" என்ற சொல்லைச் சுற்றி சிவப்பு வட்டம் போட்டிருப்பார்கள். அந்தச் சொல் அதில் இருப்பது உண்மை. அது விற்பனைக்கு வந்த பிறகு யார் யாரோ தெரிவித்த தகவல்களின் பட்டியல். வட்டத்துக்குக் கீழே கொஞ்சம் படித்தால், இவை தாமாக வந்த தகவல்கள், ஊசிதான் காரணம் என்று எப்போதும் நிறுவ முடியாது என்று அதே தாள் சொல்கிறது. படத்தை வெட்டும்போது அந்த வரி போய்விடுகிறது.

2025 நவம்பரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் இணையப் பக்கத்தில், "தடுப்பூசியால் ஆட்டிசம் வராது" என்பது ஆதாரமுள்ள கூற்றல்ல என்று வாசகத்தை மாற்றியதையும் காட்டுவார்கள். வாசகம் மாறியது உண்மை. அதற்குப் பின்னால், டென்மார்க் ஆய்வைப் புரட்டிப் போடும் புதிய ஆய்வு எதுவும் இல்லை.

வீட்டுப் பெரியவர்களிடம் இத்தனையும் சொல்ல வேண்டியதில்லை. "அத்தை, நீங்க பயப்படுறது பிள்ளை மேல இருக்கிற பாசத்தால. வாங்க, கிளினிக்குக்கு ஒண்ணா போவோம், நர்ஸ் மிஸ்ஸிகிட்ட நீங்களே கேளுங்க" என்று கூட்டிப் போங்கள். வாதத்தில் வெல்வதைவிட அது பலன் தரும்.

ஊசி நாள்

போடுவதற்கு முன் இவற்றைச் சொல்லிவிடுங்கள்: முன்பு எந்த ஊசிக்காவது மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்ததா, பிள்ளைக்கு நோய் எதிர்ப்புக் குறைபாடு உண்டா, ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுகிறதா, அண்மையில் ரத்தம் ஏற்றினார்களா. சாதாரண சளி தடையல்ல. முட்டை ஒவ்வாமையும் எம்எம்ஆருக்குத் தடையல்ல. போட்ட பிறகு 15 முதல் 30 நிமிடம் கிளினிக்கிலேயே உட்காருங்கள். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் வரும், வந்தால் அங்கே மருந்து கையில் இருக்கும்.

கூட்டு ஊசிக்குக் காய்ச்சல் முதல் 2 நாளில் வரும். எம்எம்ஆருக்கு அப்படியல்ல, 5 முதல் 12 நாள் கழித்து வரலாம், லேசான தடிப்பும் வரலாம். பிசிஜி போட்ட இடம் சில வாரத்தில் கட்டிபோல் எழும்பிச் சீழ் வைக்கும். அதைப் பிதுக்காதீர்கள், எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள்.

அதிகம் தவறு நடப்பது பாராசிட்டமால் சிரப்பில். அளவு வயதை வைத்து அல்ல, எடையை வைத்து: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு 4 முறைக்கு மேல் கூடாது. பிள்ளை 9 கிலோ என்றால் ஒரு வேளைக்கு 90 முதல் 135 மில்லிகிராம். இப்போது போத்தலைத் திருப்பி லேபிளைப் பாருங்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் என்றிருந்தால் 5 மில்லி சரி. 250 மில்லிகிராம் என்றிருந்தால் அதே 5 மில்லி ஏறக்குறைய இரண்டு மடங்கு, 2.5 மில்லிதான் கொடுக்க வேண்டும். இரண்டு போத்தலும் ஒரே அலமாரியில், ஒரே நிறத்தில் இருக்கும். அக்காள் பிள்ளைக்கு வாங்கிய சிரப்பை எடுத்துக் கொடுக்கும் வீடுகளில் இப்படித்தான் அளவு கூடிப்போகிறது. பாராசிட்டமால் சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி, அதைத் தேக்கரண்டியில் அளக்கவே கூடாது. காய்ச்சல் வருமோ என்று ஊசிக்கு முன்பே கொடுக்கவும் வேண்டாம். 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி தொட்டால் வீட்டு மருந்து வேண்டாம், டாக்டரிடம் போய்விடுங்கள்.

காய்ச்சலில் வலிப்பு வருவதும் உண்டு. எம்எம்ஆருக்குப் பிறகு 3,000 முதல் 4,000 டோஸில் ஒன்று. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் மூளையைக் கெடுக்காது. தட்டம்மை வந்தாலோ ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு மூளைக்காய்ச்சலே வருகிறது. வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவி திணிப்பது, வாயில் கரண்டி வைப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸுக்கு 999.

வேறு பக்கவிளைவு என்று சந்தேகம் இருந்தால் பேஸ்புக்கில் போடுவதற்கு முன் கிளினிக்கில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏவுக்குப் பெற்றோரே நேரடியாகவும் தெரிவிக்கலாம். அதற்கு ஊசியின் பெயரும் தொகுதி எண்ணும் வேண்டும். தனியார் கிளினிக்கில் போட்டால் இரண்டையும் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். பிரசவத்துக்குப் பினாங்கில் தாய்வீட்டுக்குப் போய்விட்டுக் கோலாலம்பூர் திரும்பும்போது முதலில் தொலைவது இந்தப் புத்தகம்தான், ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

தவறவிட்ட ஊசிகளுக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தாமதத்துக்குத் திட்டுவார்களோ என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். 27 ஆண்டுகள் இல்லாதிருந்த போலியோ 2019 டிசம்பரில் சபாவில் திரும்பி வந்தது.

வளர்ச்சி பற்றிய கவலை இருந்தால்

18ஆவது மாதம் கிளினிக்கில் ஆட்டிசம் அறிகுறிகளைத் தேடும் எம்-சாட் என்ற கேள்வித்தாள் கொடுப்பார்கள். வரிசையில் நின்றபடி "ஆம், ஆம்" என்று கோடு போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். முதல் நாளே வீட்டில் சோதித்துப் பாருங்கள். அறையின் மறுபக்கம் இருக்கும் பொம்மையை விரலால் காட்டுங்கள், பிள்ளை உங்கள் விரலைப் பார்க்கிறதா, பொம்மையைப் பார்க்கிறதா? பின்னால் நின்று, ஓசை செய்யாமல், பெயரை மட்டும் கூப்பிடுங்கள். வேண்டியதை உங்கள் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறதா, தானே சுட்டுகிறதா? தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

புதுப்பிக்கப்பட்ட தாளில் 20 கேள்விகள். கவலை தரும் பதில்களுக்கு 3 முதல் 7 புள்ளி என்றால் மேலும் கேட்டுத் தெளிவார்கள், 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரே நிபுணரிடம் பரிந்துரை. இது வடிகட்டும் தாள்தான், முடிவு அல்ல. காது கேட்கும் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று ஓர் ஆண்டு கடத்தாதீர்கள், ஏற்கெனவே பேசிய சொற்கள் மறைந்தால் ஒரு வாரம்கூடக் காக்க வேண்டாம். மருத்துவமனைத் தேதி மாதக்கணக்கில் தள்ளிப் போகலாம். அந்த இடைவெளியில் பேச்சுப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள், மலேசியத் தேசிய ஆட்டிசம் சங்கமான நாசோமின் மையத்தையும் விசாரியுங்கள். கண்டறியப்பட்டால் சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், கற்றல் சிக்கல் பிரிவில் பதிவாகும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் மீதி ஊசிகள் உண்டு. கூட்டம் குறைவான நேரம் எது என்று கேட்டுப் போங்கள். பிள்ளைக்குப் பிடித்த பொருளைக் கையில் கொடுத்து, மடியில் மார்போடு அணைத்து உட்கார வையுங்கள், படுக்க வைத்து அழுத்த வேண்டாம். "வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். "ஒரு சுருக், அப்புறம் வீட்டுக்கு" என்று முதல் நாள் இரவிலிருந்தே அதே வார்த்தைகளில் சொல்லி வாருங்கள். முதலாம் ஆண்டில் பள்ளி வரிசையில் நிற்க முடியாத பிள்ளைக்குக் கிளினிக்கில் தனியாகப் போட முடியுமா என்று, ஒப்புதல் பாரம் வரும் நாளிலேயே வகுப்பாசிரியரிடம் கேட்டுவிடுங்கள்.