புல்தரையை எடுத்துவிட்டு நாட்டுச் செடி வைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலும் அதை ஒட்டிய கடலோர ஊர்களிலும் வீட்டு முன்புறத்தில் கொரியன் புல் விரித்தவர்கள் பலர், கோடையில் அது குடிக்கும் தண்ணீரைப் பார்த்து, அதை எடுத்துவிட்டு நம் மண்ணுக்குரிய செடிகளை வைக்க முன்வருகிறார்கள். ஆனால் புல்லை அழகுக்காக வளர்த்த அதே கண்ணோடு செடிகளையும் தேர்ந்தெடுப்பதால், பூச்சிகளுக்கும் பறவைகளுக்கும் அதிகம் பயன்படாத தோட்டமே பல வீடுகளில் உருவாகிறது.

தவறு நர்சரியிலேயே தொடங்கிவிடுகிறது. தரையில் படரும் செடி கேட்டால் மஞ்சள் பூப்பூக்கும் வெடேலியாவைக் கொடுப்பார்கள். அதையே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பி வாங்குவோரும் உண்டு. இரண்டும் நெருங்கிய இனங்கள்தான் என்றாலும், கரிசலாங்கண்ணி இம்மண்ணுக்குரியது. வெடேலியாவோ வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டு மற்றச் செடிகளை அமுக்கிவிடுவது. இலை மூன்று மடலாகப் பிரிந்திருந்தால் அது பெரும்பாலும் வெடேலியாதான். சற்றே மிதிபடும் இடத்துக்குப் பொடுதலை போதும். அதன் சிறு பூக்களைத் தேடி நீலப் பட்டாம்பூச்சிகள் வரும்.

பூவை மட்டும் பார்த்துச் செடி வாங்குவதைத்தான் நான் ஆகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். தேன் குடிக்கப் பல பூக்களை நாடும் பட்டாம்பூச்சி, முட்டையிடுவதற்குத் தன் புழு தின்னக்கூடிய ஒருசில செடிகளை மட்டுமே தேடுகிறது. வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்கு எருக்கும், ரோஜா அழகி என்பதற்கு ஆடுதீண்டாப்பாளையும், மஞ்சள் பட்டாம்பூச்சிகள் சிலவற்றுக்கு ஆவாரையும் வேண்டும். இவற்றில் ஒன்றுகூட இல்லாத தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சி விருந்தாளியாக வருமே தவிர, அங்கே பெருகாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் தீங்கு என்பதால், குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து அதைத் தள்ளி வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் செடி எல்லாம் தமிழ்நாடு முழுவதற்கும் பொருந்தும் என்று எண்ணுவதும் சரியல்ல. 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் புழு நீரடிமுத்து மரத்தின் இலையைத் தின்னும் என்று படித்துவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டுக்குரிய அம்மரத்தைக் கடற்கரை மணலில் நடுவதால் பயனில்லை. சென்னைக் கடலோரத்துக்குரியது உலர் பசுமைமாறாக் காடு. அதன் களா, காசா, உலக்கைப்பாலை போன்றவை உப்புக்காற்றுக்கும் நீண்ட வறட்சிக்கும் பழகியவை.

சித்திரை வெயிலில் நடாமல் புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடித்துவிடும். ஆயினும் முதல் கோடையில் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். அருகம்புல் கலந்த தரையைக் கொத்திக் கிளறினால் துண்டான ஒவ்வொரு கணுவும் துளிர்க்கும் என்பதால், காகித அட்டையும் சருகும் போட்டுச் சில மாதம் மூடி வைப்பதே நல்லது. பிறகும் தோட்டம் முழுவதையும் மூடியே வைக்கக் கூடாது. நீலப்பட்டைத் தேனீ போன்றவை மண்ணைக் குடைந்துதான் கூடு கட்டுகின்றன.

இத்தனையும் செய்தபின், இலையில் ஓட்டை விழுந்ததும் மருந்தடிப்பவர்கள் இருக்கிறார்கள். வேப்பெண்ணெய் இயற்கையானதுதான் என்றாலும் புழுவுக்கு அதுவும் கேடே. கறிவேப்பிலையில் பறவை எச்சம்போல ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் எலுமிச்சை அழகி அல்லது அதன் உறவுப் பட்டாம்பூச்சி ஒன்றின் இளம்புழு. தையல்சிட்டு தன் குஞ்சுகளுக்குத் தேடுவதும் இத்தகைய புழுக்களைத்தான். சமையலுக்கு இலை போதாது என்று கவலைப்படுவோர் கறிவேப்பிலைக் கன்று இரண்டாக நட்டு, ஒன்றைப் புழுக்களுக்கென்று விட்டுவிடலாம்.