பிளஸ் டூ மார்க் குறைவா? சட்டக் கல்லூரிக்குப் போகும் வழிகள்: கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு

தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணல் கிடையாது. மார்க் ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கப் போவதில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வெள்ளத்தில் புத்தகமெல்லாம் போய்விட்டது என்று எழுத விண்ணப்பத்தில் ஒரு கட்டம்கூட இருக்காது. தெரிந்த ஆளைப் பிடித்து சொல்லிப் பார்க்கலாம் என்று அலைவதும் வீண்தான். ஆகவே குறைந்த மார்க்கோடு நிற்கும் மாணவர் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று: பிளஸ் டூ மார்க்கை எங்கே வெறும் தகுதியாக மட்டும் பார்க்கிறார்கள், எங்கே அதை வைத்தே ரேங்க் போடுகிறார்கள்? இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் மூடிய கதவு எது, திறந்த கதவு எது என்று தெரிந்துவிடும்.

முதலில் உங்கள் எண்ணைக் கணக்கிடுங்கள்

வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூவிலும், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டத்திலும் பொதுப் பிரிவினர் குறைந்தது 45 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 40 சதவீதம். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42 வரை கவுன்சில் தளர்த்தியிருக்கிறது. ஆனால் இவை அடிமட்ட எல்லைகள். பல்கலைக்கழகம் இதைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். எனவே பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் 42-ஐ நம்பி உட்காராமல், அந்த ஆண்டு விண்ணப்பக் கையேட்டில் உங்கள் பிரிவுக்கு நேரே என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

மாநிலப் பாடத்திட்டத்தில் மொத்தம் 600. அதில் 45 சதவீதம் 270, 42 என்றால் 252, 40 என்றால் 240. சி.பி.எஸ்.இ.யில் ஐந்து பாடத்துக்கு 500 என்று வைத்தால் முறையே 225, 210, 200. ஆறு பாடத்திலும் சரியாக 35 வாங்கி பாஸ் ஆனவரின் மொத்தம் 210 தான், அதாவது 35 சதவீதம். ‘பாஸ் ஆகிவிட்டோம், விண்ணப்பிக்கலாம்’ என்று நினைப்பவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். 269 வாங்கியவருக்கு 44.83 வரும். அதை 45 என்று முழுமையாக்கிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எல்லைக்கு ஐந்தாறு மார்க் கீழே இருப்பவர்கள் ரிசல்ட் வந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் நகல் வாங்கியவர்கள்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். அதற்குத் தரும் அவகாசம் சில நாட்களே. நகல் கைக்கு வந்ததும் அந்தந்தப் பாட ஆசிரியரிடம் காட்டி, விடை எழுதியும் மார்க் போடாத இடம், பக்கக் கூட்டல் தவறிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கோபத்தில் ஆறு பாடத்துக்கும் பணம் கட்ட வேண்டாம். எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் பெரிய இடைவெளி இருக்கும் பாடத்துக்கு மட்டும் போதும்.

மாநிலப் பாடத்திட்டத்தில் ஒருமுறை தேர்ச்சி பெற்றவர், மார்க்கை உயர்த்துவதற்காக மறுபடி எழுத முடியாது. துணைத் தேர்வு தவறிய பாடத்துக்கு மட்டும்தான். சி.பி.எஸ்.இ.யில் மார்க்கை உயர்த்திக்கொள்ளும் தேர்வு இருக்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால் அங்கே படித்தவர்களுக்கு இந்த வாய்ப்பு உண்டு. பத்தாம் வகுப்பு மார்க்கைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். பாஸ் ஆகியிருந்தால் போதும்.

ஐந்தாண்டுப் படிப்பு: பிளஸ் டூ மார்க்கே ரேங்க்

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டு பி.ஏ. எல்.எல்.பி.க்கு நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மார்க்கை வைத்தே ரேங்க் லிஸ்ட், அதன்பின் கவுன்சலிங். கடலூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது 2017-இல் தொடங்கிய விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரி. சென்னையில் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப்பள்ளியின் ஆனர்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கவே 70 சதவீதம் வேண்டும், பட்டியல் வகுப்பினருக்கு 60. மார்க் குறைந்தவர்கள் அந்த விண்ணப்பத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம் என்பதால் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிடுபவர்கள் உண்டு.

இந்த வழியில் 50, 55 சதவீதத்தோடு பொதுப்போட்டியில் இடம் கிடைப்பது கடினம். அதற்காக விண்ணப்பமே போடாமல் விட்டுவிடக் கூடாது. போன ஆண்டு கட் ஆஃப் பார்க்கும்போது பலர் முதல் வரியில் இருக்கும் பொதுப் பிரிவு எண்ணைப் பார்த்து மனம் உடைந்துவிடுகிறார்கள். பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி., சீர்மரபினர் 20, எஸ்.சி. 18 (இதில் அருந்ததியருக்கு 3 உள்ஒதுக்கீடு), எஸ்.டி. 1 என்று தமிழ்நாட்டில் 69 சதவீத இடங்கள் ஒதுக்கீட்டில் போகின்றன. உங்கள் பிரிவின் கடைசி எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய உதவி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடம். 2021-இல் வந்த சட்டம் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளத்தோடு சட்டப் படிப்பையும் சேர்த்திருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டாவது வரை ஒரு பள்ளி, அப்புறம் வேறு பள்ளி என்றால் இரண்டு தலைமை ஆசிரியர்களிடமும் படிப்புச் சான்று வாங்கியாக வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளி அலுவலகம் பூட்டியிருக்கும், தலைமை ஆசிரியர் மாறுதலில் போயிருப்பார். ஏப்ரலிலேயே இதை முடித்துவிடுங்கள். தகுதி இருந்தும் இந்தத் தாள் இல்லாமல் பொது வரிசையில் நின்று இடத்தை இழப்பது வயிறு எரியும் விஷயம்.

கிளாட்: பிளஸ் டூ வாசலோடு நின்றுவிடும்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வில் 45 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 40) இருந்தால் எழுதலாம். வயது வரம்பு இல்லை. அதன்பின் பிளஸ் டூவில் நீங்கள் 46 வாங்கினீர்களா 96 வாங்கினீர்களா என்பது கணக்கில் வராது. தேர்வு மார்க் மட்டுமே ரேங்க். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இந்த வழியில்தான் சேர்க்கிறது.

இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி. சரியான விடைக்கு 1, தவறுக்கு 0.25 கழியும். பொது அறிவு, சட்டத் தர்க்கம் இரண்டிலும் 28 முதல் 32 வரை கேள்விகள், ஆங்கிலம், தர்க்கம் இரண்டிலும் 22 முதல் 26 வரை, கணக்கு 10 முதல் 14 வரை. கணக்கு பத்தாம் வகுப்பு அளவில்தான். சட்டத் தர்க்கத்துக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதியை அவர்களே கொடுத்துவிடுவார்கள், அதை ஒரு சம்பவத்துக்குப் பொருத்திப் பார்க்கத் தெரிய வேண்டும். எல்லாமே நீளமான ஆங்கிலப் பத்திகளாக வருவதால், தமிழ்வழியில் படித்தவருக்கு உண்மையான தடை வாசிப்பு வேகம்தான். தினம் ஒரு ஆங்கிலத் தலையங்கத்தை நேரம் வைத்துப் படித்து, அதன் வாதத்தைத் தமிழில் மூன்று வரியில் எழுதிப் பாருங்கள். ஆறு மாதம் இதை விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும்.

தேர்வு டிசம்பரில், சேர்க்கை அடுத்த ஆண்டு. ஆகவே மே மாதம் ரிசல்ட் பார்த்துவிட்டுத் தொடங்குபவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். சும்மா இருக்காமல் ஒரு கலைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு எழுதுவது நல்லது. கிடைக்காவிட்டாலும் அடுத்துச் சொல்லும் மூன்றாண்டு வழி உங்கள் கையில் இருக்கும்.

மூன்றாண்டுப் படிப்பு: பெரும்பாலானோருக்கு இதுவே நல்ல வழி

பட்டம் முடித்தபின் படிக்கும் மூன்றாண்டு எல்.எல்.பி.யில் பட்ட மார்க்தான் தகுதி, அதுவேதான் ரேங்க். பிளஸ் டூ பாஸ் என்ற அளவில் நின்றுவிடும். பள்ளியில் சரிந்தவருக்கு மூன்று ஆண்டுகள் கையில் கிடைக்கின்றன, அதுவும் செமஸ்டர் செமஸ்டராக. ஐந்து ஆண்டில் முடிவது ஆறு ஆகிறதே என்று பெற்றோர் தயங்குவார்கள். ஓராண்டுதான் வித்தியாசம், அதோடு கையில் ஒரு பட்டமும் தனியாக நிற்கும்.

எந்தப் பட்டம்? வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதாரம், பி.காம்., ஆங்கில இலக்கியம் எதுவும் சரியே. ரேங்க் மார்க்கை வைத்துப் போவதால், உங்களால் மார்க் வாங்க முடிகிற பாடமே சிறந்த பாடம். தேவனாம்பட்டினம் பெரியார் அரசு கலைக் கல்லூரியோ, வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியோ, வருகைப் பதிவு விடாமல் போகக்கூடிய இடமாக இருக்கட்டும். பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் ஒரு தாளுக்கு 25 அகமதிப்பீடு, 75 செமஸ்டர் தேர்வு. அசைன்மென்ட் தேதியைத் தவறவிடாமல், உள்தேர்வை ஒழுங்காக எழுதினால் அந்த 25-இல் 22, 23 வாங்குவது எளிது. அலட்சியமாக விட்டால் 14-இல் நிற்கும். ஒரு தாளுக்கு எட்டு ஒன்பது மார்க், படிப்பைக் கூட்டாமலே வருவது.

முதல் ஆண்டே கவனிக்க வேண்டியதற்குக் காரணம் கணக்குதான். நான்கு செமஸ்டரில் சராசரி 52 வைத்திருப்பவர் மொத்தத்தில் 60 தொட வேண்டுமானால், எல்லா செமஸ்டரும் சம மார்க் என்று வைத்தால், கடைசி இரண்டில் 76 வாங்க வேண்டும். முதல் ஆண்டு முடிந்ததுமே விழித்துக்கொண்டால் மீதி நான்கு செமஸ்டரில் 64 போதும். அரியர் இன்னும் ஆபத்து. கடைசி செமஸ்டரில் ஒரே ஒரு தாள் நின்றாலும் பட்டம் முடியவில்லை என்று அர்த்தம், அந்த ஆண்டுச் சேர்க்கை போய்விடும்.

விண்ணப்பிக்கும்போது கன்சாலிடேட்டட் மார்க்‌ஷீட், புரொவிஷனல், டி.சி. மூன்றும் வேண்டும். மார்க்‌ஷீட்டில் சி.ஜி.பி.ஏ. மட்டும் இருந்தால் சதவீதமாக மாற்றிய சான்று பல்கலைக்கழகத்திடம் வாங்கி வையுங்கள். நீங்களே பத்தால் பெருக்கிப் போட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள்.

தொலைநிலைக் கல்வியில் வாங்கிய பட்டமும் செல்லும், பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை மாறாமல் இருந்தால். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவருக்குச் சட்டப் படிப்பில் இடமில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே தபாலில் படிப்பவர்கள், சேரும் ஆண்டில் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. தொலைநிலைப் பிரிவின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்தே பணம் கட்டுங்கள். பெரிய பெயரை மட்டும் நம்பக் கூடாது.

பாகூர் எல்லைச் சிக்கல்

புதுச்சேரியில் காலாப்பட்டு டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. சேர்க்கை சென்டாக் (புதுச்சேரி அரசின் மையச் சேர்க்கைக் குழு) வழியாக. அதில் புதுச்சேரிக்காரர்களுக்கான ஒதுக்கீட்டுக்குப் புதுச்சேரிக் குடியிருப்புச் சான்று முக்கியம். கடலூர் டவுனிலிருந்து பார்த்தால் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் கூப்பிடு தூரம். வீடு அங்கே, பள்ளி கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்று படித்த பிள்ளைகள் நிறைய. ஆனால் புதுச்சேரி வட்டாட்சியர் கொடுத்த சாதிச் சான்றை வைத்து தமிழ்நாட்டு ஒதுக்கீடு கேட்க முடியாது. தமிழ்நாட்டுச் சான்று சென்டாக்கில் ஒதுக்கீட்டுக்கு உதவாது. ரேஷன் கார்டு, ஆதார் முகவரி எந்தப் பக்கம் என்பதை மார்ச் மாதத்துக்குள் ஒழுங்கு செய்யுங்கள். மே, ஜூனில் இரண்டு பக்கத்து வட்டாட்சியர் அலுவலகத்திலும் கூட்டம் நெரியும்.

பெயரையும் இப்போதே பாருங்கள். பத்தாவது மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் என்றிருந்தால் விண்ணப்பத்தில் பத்தாவது மார்க்‌ஷீட்டில் உள்ளபடியே போடுங்கள்.

பணம் கட்டும் முன்

மார்க் குறைந்தவர்களைத்தான் புரோக்கர்கள் தேடி வருவார்கள். ‘தபாலில் எல்.எல்.பி.’ என்று ஒன்று கிடையாது. பி.ஜி.எல். என்ற பொதுச் சட்டப் பட்டம் அறிவுக்கு உதவும், வக்கீலாகப் பதிவு செய்ய உதவாது. ‘வெளிமாநிலக் கல்லூரி, வகுப்புக்கு வர வேண்டாம், தேர்வுக்கு மட்டும் வந்தால் போதும்’ என்பது மிகவும் ஆபத்தான பேச்சு. விதிப்படி 70 சதவீத வருகைப் பதிவு வேண்டும். பதிவு செய்ய வரும்போது தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் பொதுவான பார் கவுன்சில், நீங்கள் எங்கே எப்படிப் படித்தீர்கள் என்று தோண்டிப் பார்த்தால் சேர்ந்த பணத்தோடு மூன்று ஆண்டும் போய்விடும். எந்தத் தனியார் கல்லூரியாக இருந்தாலும், இந்திய பார் கவுன்சிலின் அனுமதி நீங்கள் சேரும் ஆண்டுக்கும் நீடிக்கிறதா என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.