டைட்டானியா மேல தங்கத்த ஒட்ட வைக்கிறது எப்படி

நம்ம குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரைல கருப்பு மண்ணு கிடக்குல்லா, அதுல உள்ள இல்மனைட்ங்குற தாதுல இருந்தும் டைட்டானியம் டைஆக்ஸைடு எடுக்கலாம், டைட்டானியான்னு சொல்றது இதத்தான். பெயிண்டுல போடுற அதே வெள்ளைப் பொடிதான். கட்டித் தங்கம் எதோடயும் லேசுல சேராம சும்மா கிடக்கும், ஆனா அதையே அஞ்சு நானோமீட்டருக்கும் (ஒரு மில்லிமீட்டர்ல பத்து லட்சத்துல ஒரு பங்குதான் நானோமீட்டர்) சின்னதாக்கி ஆக்ஸைடு மேல உக்கார வச்சா கார்பன் மோனாக்ஸைட சைபர் டிகிரிக்கு கீழயும் எரிச்சு கார்பன் டைஆக்ஸைடா மாத்திரும், இத 1987ல ஜப்பான்ல ஹருட்டாவும் கூட உள்ளவங்களும் காட்டினாங்க.

சேம்பிலைல தண்ணி உருளுறத பாத்திருப்பீங்க. தங்கமும் ஆக்ஸைடு மேல அப்படித்தான், பரவாது, சூடாக்கினா துளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசாயிரும். ஆக்ஸிஜன் விட்டுப்போன குழி இருக்குற எடத்துல மட்டும் புடிச்சு நிக்கும், இல்லன்னா தங்கம்-ஆக்ஸிஜன்-டைட்டானியம்னு பாலம் போட்டு நிக்கும். கார்பன் மோனாக்ஸைட எரிக்கிற வேலை நடக்குறதும் பெரும்பாலும் தங்கமும் ஆக்ஸைடும் தொடுற அந்த ஓரத்துலதான்.

ஒரு கிராம் டைட்டானியாவுக்கு 20 மில்லிகிராம் குளோரோஆரிக் ஆசிட் உப்பு (தங்கமும் குளோரினும் சேந்தது) போதும், அதுல சுமார் பாதி தங்கம். 50 மில்லி தண்ணில கரைச்சு 70 டிகிரிக்கு கொண்டு போங்க, சோடியம் ஹைட்ராக்ஸைட சொட்டு சொட்டா விட்டு பிஹெச் (அமிலமா காரமான்னு காட்டுற அளவு) 8 ஆக்குங்க, மஞ்சள் வெளிறி வரும். அப்புறம் டைட்டானியாவ போட்டு ஒரு மணி நேரம் கலக்குங்க, பிஹெச் எறங்குனா திரும்ப ஏத்துங்க. போட்ட தங்கம் முழுசும் ஏறாது, அது பரவால்ல. ஆனா சோடியம் ஹைட்ராக்ஸைடுக்கு பதிலா அம்மோனியா மட்டும் விட்டுறாதீங்க மக்கா, வெடிக்கிற தங்கச் சேர்மம் உண்டாகும்!

இனி கழுவுறது, இதுலதான் எல்லாமே இருக்கு. முத தடவ நான் ரெண்டு கழுவுலயே போதும்னு விட்டேன், பர்னஸ்ல இருந்து எடுத்தா பொடி கருநீலமா கெடக்கு, குளோரைடு தங்கிப் போய் துளியெல்லாம் ஒண்ணு சேந்துட்டு. ரெண்டு வாரம் போச்சு. அதனால வெதுவெதுப்பான தண்ணில கழுவிக்கிட்டே இருங்க, கழுவுன தண்ணில ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்க, பால் மாதிரி வெள்ளையா திரிஞ்சா இன்னும் கழுவணும்.

காய வச்சு 300 டிகிரில ரெண்டு மணி நேரம் சுடுங்க. நல்லா வந்திருந்தா இளம் ஊதால இருக்கும். சுடுறதுக்கு முன்னாடி வைக்கணும்னா பாட்டில்ல அலுமினியம் பாயில் சுத்தி பிரிட்ஜுல வைங்க, வெளிச்சம் பட்டாலே தங்கம் தானா ஒண்ணு சேர ஆரம்பிச்சிரும்.