கடல்நீர் மீன்தொட்டி: முதலில் எந்தக் கிட்?

புதுத் தொட்டிக்கு அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று ஆகியவற்றைத் தண்ணீரில் சோதிக்கும் கிட் மூன்றும் உப்பளவு பார்க்க ஒரு ரிஃப்ராக்டோமீட்டரும் போதும். கல்சியம், மக்னீசியம் கிட்களைப் பவளம் வைக்கும்போது வாங்கலாம். இப்போதே வாங்கினால் அலுமாரியிலேயே காலாவதியாகும்.

நைத்திரேற்று கிட்டை முதலில் உங்கள் கிணற்றுத் தண்ணீரில் பாருங்கள். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் நைத்திரேற்று குடிநீர் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமையே தாண்டும். அதில் உப்பைக் கரைத்தால் மீன் விடுமுன்னரே தொட்டியில் நைத்திரேற்று இருக்கும், பிறகு பில்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தக் கிட் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. ஆகவே தொட்டியில் நைத்திரைற்று பூச்சியத்துக்கு இறங்கும்வரை அதன் அளவை நம்ப வேண்டாம். போத்தலின் அடியில் மருந்து தங்கும் வகையென்றால் அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். இல்லாவிட்டால் குறைத்துக் காட்டும்.

அமோனியா கிட்டில் கடல்நீருக்கான நிற அட்டை இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நெஸ்லர் என்ற அமோனியாச் சோதனை மருந்துள்ள நன்னீர்க் கிட், கடல்நீரின் மக்னீசியத்தால் கலங்கிவிடும், நிறம் தெரியாது. காலாவதித் திகதியும் முக்கியம், வெயில்படும் கண்ணாடி அலுமாரியில் இருந்த பெட்டி வேண்டாம்.

ஆர்.ஓ. டீ.ஐ. தண்ணீர் (கரைந்த உப்புகளை வடிகட்டி நீக்கிய தண்ணீர்) பாவிப்பவர்களுக்குக் கிணற்றுச் சோதனை தேவையில்லை. தொடக்கத்திலேயே கல்பவளம் வைப்பவர்கள் காரத்தன்மை, கல்சியக் கிட்களைத் தள்ளிப்போட முடியாது.