தி.நகரை நடந்து படிக்க: மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து வள்ளுவர் கோட்டம் வரை

சென்னையின் தி.நகரில், அதாவது தியாகராய நகரில், பழைய கட்டடங்களைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பெரும்பாலானவற்றை இடித்துக் கடையாகவும் அடுக்குமாடியாகவும் கட்டியாயிற்று. இங்கே வரலாறு தங்கியிருப்பது இரண்டு இடங்களில்: தெருப் பெயர்ப் பலகைகளில், மழைநீர் போகும் வழியில். இந்த இரண்டையும் பார்க்கத் தெரிந்தால் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடையில், மூன்று மணி நேரத்தில் பேட்டையைப் படித்துவிடலாம்.

வார நாளில் காலை 7.30-க்குத் தொடங்குங்கள். ரங்கநாதன் தெருவில் கடைகள் திறந்த பிறகு பலகையைப் பார்க்க அல்ல, கால் வைக்கவே இடம் கிடைக்காது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வரவே வேண்டாம்.

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கியதும் கிழக்கே ஓடாமல், முதலில் மேற்கு மாம்பலம் பக்கம் லேக் வியூ ரோட்டின் பலகையைப் பாருங்கள். ஏரி எங்கே என்று கேட்கத் தோன்றும். அதுதான் நீண்ட ஏரி. லாங் டேங்க் என்பார்கள். 1920-களில் அதைத் தூர்த்துக் குடியிருப்பாக்கும் வேலை தொடங்கியது. அப்போது சென்னை மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. புதுத் தெருக்களுக்கு அக்கட்சிக்காரர்கள் பெயரும் அதிகாரிகள் பெயரும் வந்தது அதனால்தான்.

ஸ்டேஷனுக்குத் திரும்பி, ரங்கநாதன் தெரு வழியாக உஸ்மான் சாலைக்கு வாருங்கள். நெரிசலாக இருந்தால் 2023-ல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையில் ஏறலாம். ஆனால் அது பஸ் நிலையத்தில் கொண்டுவிடும், அங்கிருந்து வடக்கே நடக்க வேண்டும். உஸ்மான், 1934-ல் சில மாதங்கள் மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக இருந்தவர்.

அடுத்து பனகல் பூங்கா. பனகல் அரசர் ராமராயநிங்கார் 1921 முதல் 1926 வரை முதலமைச்சர். மெட்ரோ வேலையால் பூங்காவுக்குள் போக முடியாமல் இருக்கலாம். பரவாயில்லை, இங்கே வெளியே நின்று சாலைகளைப் பார்ப்பதுதான் முக்கியம். கிழக்கே தியாகராய சாலை, வடகிழக்கே ஜி.என். செட்டி சாலை, தென்கிழக்கே வெங்கட்நாராயணா சாலை எனச் சக்கரத்தின் ஆரக்கால் போலப் பிரிகின்றன. தானாக வளர்ந்த ஊர் இப்படி இருக்காது. வரைபடம் போட்டுக் கட்டிய பேட்டை இது.

தியாகராய சாலையில் திரும்புங்கள். பேட்டைக்கே பெயர் தந்த நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் 1925-ல் காலமானார். இச்சாலையின் கடைவீதிப் பகுதிதான் பாண்டி பஜார். அரசுப் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி, நீதிக்கட்சியின் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனாரைக் குறிப்பது. அந்தப் பெயரைச் சொல்லி ஆட்டோ கேட்டால் வராது. 2019-ல் நடைபாதையை அகலப்படுத்திய பிறகு நின்று பார்க்க இடம் இருக்கிறது.

இடப்பக்கம் டாக்டர் நாயர் சாலை. இங்கேதான் பலர் குழம்புவார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் சாதிப் பின்னொட்டுகளைத் தெருப் பெயர்களிலிருந்து நீக்கியபோது இது வெறும் 'டாக்டர் சாலை' ஆனது, எந்த டாக்டர் என்றே தெரியாமல்! ஜி.என். செட்டி சாலையும் ஜி.என். சாலையானது. ஆகவே பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டி.எம். நாயர் நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவர். 1919-லேயே லண்டனில் இறந்துவிட்டார், இந்தப் பேட்டையைப் பார்த்ததே இல்லை.

டாக்டர் நாயர் சாலையின் முடிவில் வாணி மகால் சந்திப்பு. நடிகர் சித்தூர் வி. நாகையா முன்னின்று உருவாக்கிய அரங்கம். இந்தப் பக்கத்தில் மாம்பலம் கால்வாயைத் தேடுங்கள். சாக்கடை என்று தாண்டிப் போய்விடுவார்கள். வள்ளுவர் கோட்டத்துப் பக்கம் தொடங்கி நந்தனம் வழியே அடையாற்றில் சேர்வது அது. ஏரி போன பின்னும் பள்ளம் பள்ளம்தானே, பெருமழையில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதிரே திருமலைப் பிள்ளை சாலை. காமராஜர் வாடகைக்கு இருந்து, 1975 அக்டோபர் 2 அன்று மறைந்த வீடு இங்கே நினைவில்லமாக இருக்கிறது. உள்ளே போக விரும்பினால் அரசு விடுமுறை நாளைத் தவிருங்கள்.

அதே சாலையில் வடக்கே போனால் வள்ளுவர் கோட்டம், 1976-ல் திறந்தது. திருவாரூர்த் தேரை மனத்தில் வைத்து அமைத்த கல்தேர். உயரம் 39 மீட்டர். 1,330 குறளும் கல்லில் இருக்கின்றன. நிற்கும் தரையும் முன்பு ஏரிதான். திரும்ப மாம்பலம் வரை நடக்க வேண்டாம், கோடம்பாக்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறலாம்.