டவர் லைன் பக்கத்தில் கேபிள் போட்டால் எவ்வளவு மின்சாரம் தூண்டப்படும்? ஒரு எளிய கணக்கு

நீலகிரியில் மஞ்சூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேல் தொட்டியின் நீர்மட்டம் பார்க்க சென்சார் வைத்துப் பம்ப் ஷெட் வரை கேபிள் இழுத்தேன். பகலில் ஓரளவு சரியாகக் காட்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எண் தாறுமாறாக ஆடும். காரணம், பக்கத்தில் 100 மீட்டருக்கு இணையாக ஓடும் டவர் லைன். மாலையில் தேவை கூடும்போது குந்தா நீர்மின் நிலையங்களிலிருந்து அதிகம் எடுப்பார்கள். லைனில் ஆம்பியர் ஏறும். அதைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலமும் கூடி, என் கேபிளில் வோல்ட்டைத் தூண்டும்.

முதலில் வளையம் எது என்று பாருங்கள். கம்பி, அதன் திரும்பும் வழி, இரண்டுக்கும் நடுவில் புகும் காந்தப்புலம், இவைதான் கணக்கு. நான் ஒற்றைக் கம்பி இழுத்து, திரும்பும் வழிக்கு இரு முனையிலும் எர்த் ராடு அடித்திருந்தேன். மின்னோட்டம் மண்ணுக்குள் வெகு ஆழம் வரை பரவித் திரும்பும். ஆகவே வளையம் மிகப் பெரியது.

அடுத்து, லைனுக்கும் கேபிளுக்கும் உள்ள தூரம். மலைச்சரிவில் தரையில் டேப் பிடித்தால் போதாது. கிடையாக 16 மீட்டர், உயரம் 12 மீட்டர் என்றால் உண்மையான தூரம் 20. உயரத்தைத் தரையில் நின்று லேசர் மீட்டரால் எடுங்கள். கழியோ ஏணியோ அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

நான் மாட்டிக்கொண்டது இதற்கப்புறம்தான். லைனை ஒரே கம்பியாக நினைத்து, 200 ஆம்பியர் என்று வைத்துப் போட்டேன், 4.8 வோல்ட் வந்தது. மீட்டரோ 0.3 காட்டியது. இரண்டு நாள் மீட்டரைச் சந்தேகப்பட்டேன். டவரில் மூன்று ஃபேஸ் கம்பிகள் உண்டு. அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். மிஞ்சுவது, அவை நம் கேபிளிலிருந்து வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் வரும் வித்தியாசம் மட்டுமே. என் இடத்தில் 17, 20, 23 மீட்டர். அதாவது அடுத்தடுத்த கம்பிகளுக்கு 3 மீட்டர் வித்தியாசம்.

0.000063 × ஆம்பியர் × நீளம் × 1.73 × (வித்தியாசம் ÷ தூரம்)

0.000063 என்பது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கான மாறிலி. 1.73 மூன்று ஃபேஸ் கணக்கில் வரும் √3. நீளமும் தூரமும் மீட்டரில், தூரம் நடுக் கம்பிக்கு.

0.000063 × 200 × 100 × 1.73 × (3 ÷ 20) = 0.33 வோல்ட். ஏசி அலையின் உச்சத்தில் 0.46. ஐந்து வோல்ட் சென்சாரில், இரண்டு மீட்டர் தொட்டிக்கு இது 18 சென்டிமீட்டர் பொய்!

மின்னோட்டம் வேண்டுமென்றால் வளையத்தின் மின்தடையால் வகுங்கள். இரண்டு எர்த் ராடும் சேர்த்து 100 ஓம் என்றால் 3.3 மில்லி ஆம்பியர். இதை அளக்கச் சாதாரண கிளாம்ப் மீட்டர் உதவாது. ட்ரூ ஆர்எம்எஸ் மல்டிமீட்டரைத் தொடரில் போடுங்கள். லைனின் ஆம்பியர் நமக்குத் தெரியாது என்பதால் 100, 200, 400 மூன்றுக்கும் போட்டுப் பாருங்கள்.

தீர்வு எளிது. எர்த் ராடை விட்டுவிட்டு, முறுக்கிய இரட்டைக் கம்பி இழுத்தேன். வளையம் சில மில்லிமீட்டராகச் சுருங்கியது. எண் அசையவே இல்லை.

பின்சேர்க்கை: "என் கேபிள் லைனைக் குறுக்கே கடக்கிறது, முழு நீளத்தையும் போடணுமா?" என்று கோத்தகிரியிலிருந்து ஒருவர் கேட்டார். வேண்டாம். இணையாக ஓடும் பகுதி மட்டும் போதும். நேர் குறுக்காகப் போவது கணக்கில் வராது.

இன்னொன்று. ஒரு ஃபேஸ் கம்பியின் மின்னோட்டம் பழுதால் மண்ணுக்குள் பாய்ந்தால், மூன்று ஃபேஸ்களின் புலங்கள் ஒன்றையொன்று அழிப்பது நின்றுவிடும். 2,000 ஆம்பியர் பழுது என்றால், முதலில் ஒரே கம்பியாகப் போட்ட 4.8-இன் பத்து மடங்கு, இதே எர்த் ராடு கம்பியில் 48 வோல்ட் வரும். இடி மழை நேரத்தில் அந்த முனையைத் தொடாதீர்கள்.